முதலில் விதை, பிறகுதான் வியாபாரம்

பெரம்பலூரில் விடிந்த முதல் காலையில் மிஸ்டர் லிம் ஏழு இட்லி சாப்பிட்டார். இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டவரிடம் தலையை ஆட்டி, சாம்பார் வாளியைக் கையால் காட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது இட்லி அல்ல, சாம்பாரில் மிதந்த முழு வெங்காயம். ஒன்றைக் கரண்டியில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு மலாயில் ஒரு வாக்கியம் சொன்னார். தமிழில் சொன்னால்: "இதற்காகத்தான் விமானம் ஏறினோம்."

அவர் சொன்னது உண்மைதான். நான் மலேசியாக்காரி. கிள்ளானில் ஒரு காய்கறி இறக்குமதிக் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். லிம் அதே கம்பெனியில் தரம் பார்ப்பவர். அறுபது வயதுச் சீனர், பேச்சைவிடச் சாப்பாட்டில் நாட்டம் அதிகம். என் பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதைத் தேடிக்கொண்டும் நான் வரவில்லை. வெங்காயம் வாங்க வந்தேன்.

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் எங்கள் ஊரில் தோசைக் கடைச் சாம்பாருக்கும் போகும், மலாய்க்காரர் வீட்டுச் சம்பலுக்கும் போகும். செட்டிகுளத்துப் பக்கம் ஒரு விவசாயிகள் குழுவிடம்தான் பல வருடமாக வாங்கிவந்தோம். இந்த வருடம் அந்தக் குழுத் தலைவி தனலட்சுமி, "வெளிநாட்டுக்கு இனிமே தர்றதா இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நேரில் போய்க் கேள். அவர்கள் மாட்டோம் என்றால் தாய்லாந்து வெங்காயத்துக்கு மாறிவிடுவோம்" என்றார். தாய்லாந்து வெங்காயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதைப் போட்டுச் சாம்பார் வைத்தால் என் மாமியார் மறுநாளே கண்டுபிடித்துவிடுவார்.

ஹோட்டல் சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நாட்டோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் போடுகிறது என்று செய்தி. பக்கத்து மேசையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "ஒப்பந்தம்னா அவங்களுக்குக் கையெழுத்து, நமக்குத் தலையெழுத்து." எதிரில் இருந்தவர் ஆமாம் என்றார். நான் ஒப்பந்தத்தால் சோறு தின்பவள். வாயைத் திறக்காமல் வடையைத் தின்றேன்.

எங்கள் காரோட்டி ஜாபர், லப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அவரிடம் கேட்டேன், ஒப்பந்தம் என்றால் இங்கே எல்லாருக்குமே இப்படித்தான் கசக்குமா என்று.

"கசக்கும்தான் அக்கா. ஆனா கடல் தாண்டிப் பொழைக்கப் போவலன்னா எங்க ஊர்ல பாதி வூடு இன்னும் ஓட்டு வூடாத்தான் நிக்கும். அதையும் சொல்லணும்ல."

அன்றைக்கு முந்திரிப் பருப்பு சாம்பிள் பார்க்க ஜெயங்கொண்டம் போக வேண்டியிருந்தது. அரியலூரைத் தாண்டும்போது முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி. எதிரே வந்ததும் அதேதான். மரம், போர்டு, மாட்டின் முதுகு எல்லாம் மாவு பூசினாற்போல வெளுத்துக் கிடந்தன. ஜாபர் டேஷ்போர்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து லிம்மிடம் நீட்டினார். கல்லுக்குள் சுருட்டிவைத்தாற்போல ஒரு சங்கு.

"இந்த ஊரு ஒரு காலத்துல கடலு. தோண்டுற எடமெல்லாம் இதுதான் வரும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்து பொறுக்கிட்டுப் போவும்."

லிம் மீனவர் வீட்டுப் பிள்ளை. அந்தக் கல்லை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். உப்பு வாசனை இல்லை என்று ஏமாந்தவர் போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே உடம்பு சிலிர்க்கவும் செய்தது. நாங்கள் கடலைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே காரே கடலுக்கு அடியில்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜெயங்கொண்டத்தில் முந்திரிக் கொட்டகை வைத்திருப்பவர் கலியபெருமாள். பக்கத்திலேயே கடலை எண்ணெய் மில்லும் உண்டு. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். நாங்கள் மலேசியா என்றதும் முதல் கேள்வியே, "அப்ப கடாரமா?" என்பதுதான்.

"எங்க ராஜா கப்பல்ல வந்து உங்க ஊரை ஜெயிச்சாருல்ல. இங்கேர்ந்து கூப்பிடுதூரம்தான் அவரு கோயிலு."

"ஜெயிச்சவர் திரும்பி வரும்போது என்ன கொண்டுவந்தாராம்?" என்று கேட்டேன்.

"யானை, தோரணவாயில், பொன்னு, மணின்னு சொல்லுவாங்க. நீங்க என்ன கொண்டுபோவப் போறீங்க?"

"அரைக் கிலோ முந்திரி. காசு கொடுத்து."

"அப்ப நீங்கதான் நாகரிகமானவங்க" என்று அவரே சிரித்துவிட்டார்.

கொட்டகைக்குள் வறுத்த கொட்டையின் காரமான புகை கண்ணைக் கரித்தது. சாம்பலில் கையைத் தோய்த்துத் தோய்த்துப் பெண்கள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் அடுக்கியிருந்த சணல் மூட்டைகளில் எனக்குத் தெரியாத ஏதோ மொழியில் எழுத்து. என்ன மூட்டை என்று கேட்டேன்.

"ஆப்பிரிக்கா கொட்டை. நம்ம தோப்புக் காய் மூணு நாலு மாசத்துக்குத்தான் வரும். மிச்ச மாசம் இவங்க கைக்கு வேலை வேணும்ல? அதான் கப்பல்ல வருது."

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் முந்திரித் தோப்பு. நடுவில் ஆப்பிரிக்காவின் கொட்டை, அதை உடைப்பது ஜெயங்கொண்டத்துப் பெண்கள், அது போய் விழப்போவது கிள்ளானின் தீபாவளிப் பாயசத்தில். நான் அந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் தொட்டபடி நின்றேன். இறக்குமதியில் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன், ஆனாலும் வாய் பிளக்கத்தான் செய்தது.

சாப்பாட்டின்போது சண்டை வந்தது. இலையில் கடலை எண்ணெய் ஊற்றித் தாளித்த கத்திரிக்காய். அமிர்தமாக இருந்தது. அதை நான் சொல்லப்போக, கலியபெருமாள் பிடித்துக்கொண்டார்.

"இதுமாதிரி எண்ணெய் ஊரெல்லாம் ஓடிச்சுங்க. உங்க ஊரு பாமாயில் வந்துச்சு. ரேஷன் கடையில பாக்கெட்டு, டீக்கடையில டின்னு. எங்க கடலையை எவன் கேக்குறான்? முதல்ல அதை நிறுத்தணும்ங்க."

"ஆப்பிரிக்கா கொட்டையையும் சேர்த்து நிறுத்தலாமா?" என்றேன்.

"அது வேற." மீசையைத் தடவினார். "அது வேலை குடுக்குது."

"பாமாயிலும் ஒருத்தருக்கு வேலை கொடுத்ததுங்க. எங்கம்மா பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கினவங்க. மழையில, அட்டைக்கடியில, முதுகு வளைஞ்சு. அந்தக் கூலியிலதான் நான் படிச்சேன்."

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இன்னும் கொஞ்சம் கத்திரிக்கா வைங்க அவங்களுக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அவர் பாமாயிலை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. அவருடைய நட்டம் நட்டம்தான், அதை வேறு யாருடைய லாபத்தையும் காட்டி இல்லாமல் ஆக்க முடியாது. ஆனால் பாக்கெட்டின் மறுமுனையில் ஒரு முதுகு இருந்தது என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது. அவர் மில்லும் அந்த பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது என்று எனக்கும் தெரிந்தது.

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். ஜாபர் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனி பஸ் வந்து நின்று, சீருடையில் சில பெண்களை இறக்கிவிட்டுப் போயிற்று. செருப்பு, ஷூ தைக்கும் தொழிற்சாலையில் வேலை என்றார்கள். எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுமாம். அதில் ஒரு பெண் லிம்முடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பக்கவாட்டில் விரலால் தடவினாள்.

"எங்களது இல்லக்கா. எங்க தையல் இன்னும் நெருக்கமா விழும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள். நான் மொழிபெயர்த்ததும் லிம் தன் ஷூவை அவமானத்தோடு பார்த்தார். பெரம்பலூர்த் தையல் எங்கே கிடைக்கும் என்று பயணம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள்தான் நாங்கள் வந்த காரியம். செட்டிகுளத்தைத் தாண்டி, கரிசல் காட்டு நடுவில் தனலட்சுமியின் வயல். வயல் ஓரத்தில் ஒரு பட்டறை நின்றது. பட்டறை என்றால் வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் இடம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல்லடுக்கி, அதன்மேல் குச்சிப் படல், நான்கு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி குச்சி வேலி, மேலே தென்னங்கீற்று. உள்ளே தாளோடு, அதாவது காய்ந்த இலையோடு, அப்படியே அடுக்கிய வெங்காயம். மின்சாரம் இல்லை, குளிர்பதனம் இல்லை. கிள்ளானில் எங்கள் குளிர் அறைக்கு வரும் கரண்ட் பில்லை நினைத்துக்கொண்டு அந்தக் குச்சி இடுக்கில் கையை விட்டேன். உள்ளே காற்று ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயம் நேற்றுப் பறித்ததுபோலக் கிண்ணென்று இருந்தது. கும்பிடத் தோன்றியது.

"நடுவுல கைய வுட்டு உருவாதீங்க" என்று பின்னாலிருந்து குரல். "ஒரு பக்கம் சரிஞ்சா வெப்பம் ஏறிடும்."

தனலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். டிராக்டரை அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மோர் கொடுத்தார். லிம் இரண்டு சொம்பு குடித்தார். அதன்பிறகு தனலட்சுமி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க கெட்டவங்கன்னு சொல்லலக்கா. உங்களுக்குக் குடுத்துத்தான் கெணறு வெட்டினேன். ஆனா போன வருசம் என்ன ஆச்சு? வடக்க பெரிய வெங்காயம் வெலை ஏறிடுச்சுன்னு டில்லியில ஏத்துமதிக் கதவைச் சாத்துனாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வெங்காயம்னா எல்லாம் வெங்காயமாம். பட்டறையைப் பிரிச்சு, தாள் அறுத்து, மூட்டை தூத்துக்குடி போயிருச்சு. அங்கயே நின்னு மொளை விட்டுச்சு. திருப்பிக் கொண்டாந்து கொட்டுனேன். மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

நான் அப்போது என்ன செய்தேன் என்றும் அவரே சொன்னார். "நீங்க வேற நாட்டுல வாங்கிட்டீங்க."

அதுவும் உண்மை. அன்றைக்கு எங்களுக்குச் சரக்கு வேண்டியிருந்தது, வாங்கினோம். அதைத் தவறென்று நான் அப்போது நினைக்கவில்லை, இப்போதும் முழுக்க நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கரிசல் மண்ணில் உட்கார்ந்து கேட்டபோது மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"நாளைக்கு உள்ளூர் யாவாரி வரேன்னு சொல்லிருக்காரு. வெலை கம்மிதான். மழை எறங்குறதுக்குள்ள பட்டறையைக் காலி பண்ணணும். ஒரு பட்டறை போனா ஒரு வருசமே போன மாதிரி. இன்னொரு தடவ எனக்குத் தெம்பு இல்ல."

ஜாபர் குறுக்கே புகுந்து, "மலேசியா வெலை கூடத் தராங்கல்ல தனலட்சுமியக்கா" என்றார்.

"வெலையா கேட்டேன்?" என்றார் அவர். பிறகு பட்டறையின் ஓரத்தில் சாக்குத்துணி கட்டித் தனியாகத் தடுத்திருந்த ஒரு பகுதியைக் காட்டினார். "இது யாருதுன்னு கேளுங்க."

அது அரும்பாவூர்க்காரர்களின் விதை. சின்ன வெங்காயத்தை வெங்காயம் ஊன்றித்தான் வளர்க்க வேண்டும். ஆனால் விதை வெங்காயம் வருடம் முழுக்கத் தாங்காது. செட்டிகுளத்தார் அறுத்து வைக்கும் காலத்தில் மலையடிவாரத்தில் அரும்பாவூர்ப் பக்கம் ஊன்றுவார்கள். அவர்கள் அறுத்து வைக்கும்போது இவர்கள் ஊன்றுவார்கள். அதனால் தனலட்சுமி வீட்டுக்கும் அரும்பாவூரில் ஒரு வீட்டுக்கும் வழிவழியாக விதை மாற்று. பட்டறையைப் பிரிக்கிற நாளில் அவர்கள் வந்து முதலில் விதையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் எந்த வியாபாரியும் தராசைத் தொடலாம்.

"வெங்காயம் தங்கம் வெலைக்குப் போன வருசம் ஒண்ணு வந்துச்சு. பட்டறையில களவு போவும், ராவெல்லாம் காவல் கெடந்தோம். ஊர்ல விதையையும் சேத்து வித்தாங்க. எங்க வூட்டுக்காரரும் வித்துருவோம்னாரு. ரெண்டு நாளு அவருகூடப் பேசல. விக்க வுடல."

"அவ்வளவு நல்ல மனசா?" என்று கேட்டேன்.

"நல்ல மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வித்துட்டா, அடுத்த பட்டத்துக்கு எனக்கு எவன் விதை தருவான்?" என்றார் தனலட்சுமி. "வித்தவங்கள்லாம் மறு பட்டத்துக்கு விதைக்கு எங்கெங்கயோ அலைஞ்சாங்க. எங்களுக்கு அரும்பாவூர்லேர்ந்து வண்டி வந்து நின்னுச்சு. வெலை ஏறும், எறங்கும்க்கா. அது கதவைச் சாத்த ஒரு காரணமா?"

எத்தனை கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை கோட் போட்டவர்கள் வர்த்தக ஒப்பந்தம் ஏன் வேண்டும் என்று எனக்கு விளக்கியிருக்கிறார்கள். எல்லாரும் விலை குறையும், வரி குறையும் என்றார்கள். யாரும் இதைச் சொன்னதில்லை. வர்த்தக ஒப்பந்தம் என்பது கோபம் வந்தாலும் ஆசை வந்தாலும் விதையைத் தொட மாட்டேன் என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குமேல் போட்ட கீற்று.

அப்படியானால் இவர்தான் ஒப்பந்தத்துக்கு முதல் ஆள். ஆனால் இவர்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். காரணம் எளிது. அரும்பாவூர்க்காரரை அவருக்குத் தெரியும். டில்லியையும் கிள்ளானையும் தெரியாது.

"போயிட்டு வரேன்" என்று எழுந்தேன். "நாளைக்குக் காலைல வியாபாரி வர்றதுக்கு முன்னால நான் வந்துடறேன். அதுவரைக்கும் பிரிக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் காலிச் சொம்புகளை எடுத்துக்கொண்டு டிராக்டரில் ஏறினார்.

சாயங்காலம் பெரம்பலூரில் ஒரு டீக்கடை வாசலில் நின்றோம். வாணலியில் வெங்காயப் பக்கோடா குதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாமாயில் டின். அதன் வயிற்றில் செம்பனைக் குலைப் படம். நான் அந்த வாணலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா பொறுக்கிய பழம் மாதிரி ஏதோ ஒரு பழத்தின் எண்ணெயில், தனலட்சுமி போன்ற ஒருத்தி ஊன்றிய வெங்காயம் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. இந்த எண்ணெயும் வெங்காயமும் பல வருடமாக இப்படிச் சந்தித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அனுப்பிய நாங்கள்தான் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன். லிம்முக்கும் வயிறு நிறைந்திருந்தது.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் பக்கோடாத் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "கதவைச் சாத்துவது நம் கையில் இல்லை. ஆனால் சாத்தினால் நட்டம் யாருக்கு என்பது நம் கையில்தான் இருக்கிறது."

அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டேன். பட்டறை பிரித்த நிமிடத்திலிருந்து வெங்காயம் நம்முடையது, வழியில் எந்த அரசு எந்தக் கதவைச் சாத்தினாலும் நட்டம் நம்முடையது என்று எழுதிக்கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் நான் குடித்துவிட்டேனா என்று கேட்டார். பக்கோடா தின்கிறேன் என்றேன். நிறைய நேரம் திட்டினார். "இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அப்புறம் எதற்கு இது?" என்றார். "ஒப்பந்தம் இருக்கும்போதுதான் அந்த மூட்டை துறைமுகத்தில் முளைவிட்டது. அவர்கள் நம்புவதற்கு நாம் ஏதாவது செய்ய வேண்டாமா?" என்றேன். லிம் போனை வாங்கி, தன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல வெங்காயத்தை இவ்வளவு மோசமாக யாரும் இழக்கக் கூடாது என்றார். ஒரு வருடத்துக்கு மட்டும் என்று முதலாளி இறங்கிவந்தார்.

அடுத்த நாள் காலை நாங்கள் போனபோது மேற்கே மேகம் கறுத்திருந்தது. வியாபாரியின் லாரி ஏற்கெனவே வந்து நின்றது. தனலட்சுமி பட்டறைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், இன்னும் ஒரு கீற்றைக்கூட எடுக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அவர் காத்திருந்தது எனக்காக அல்ல. அரும்பாவூர் வண்டிக்காக. விதை எடுக்காமல் பிரிக்கக் கூடாதே. வியாபாரி மேகத்தைப் பார்த்தும் கடிகாரத்தைப் பார்த்தும் முணுமுணுத்தார். "மழை வந்தா மொத்தமும் நனைஞ்சு நாசமாயிடும். விதையை ஓரமா எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்களேன்" என்றார். தனலட்சுமி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தத் தாமதத்தில்தான் எனக்கு வாய் திறக்க நேரம் கிடைத்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"தூத்துக்குடியில நின்னுட்டா?"

"எங்களுது."

"உங்க ஊர்ல கதவைச் சாத்துனா?"

"அப்பவும் எங்களுது."

"மொளை விட்டா?"

"எங்க வீட்டு வாசல்ல ஊன்றிக்கிறேன்."

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதற்குள் ஒரு லோடு ஆட்டோ தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அரும்பாவூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். தாமதத்துக்குக் காரணம் ரயில்வே கேட்டும் இல்லை, லாரி மறியலும் இல்லை. பெயர்த்தி காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தார்களாம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சாக்குத்துணியை அவிழ்த்து, தனலட்சுமியே அள்ளி அள்ளி அவர்கள் கூடையில் போட்டார். போட்டு முடித்து, கையைத் தட்டிக்கொண்டு வியாபாரியிடம் திரும்பினார்.

"நீங்க கோவிச்சுக்காதீங்க அண்ணே. அடுத்த பட்டறை உங்களுக்கு. இது மலேசியாவுக்கு."

பிறகு மேல் கீற்றை ஒரே இழுப்பாக இழுத்துத் தரையில் போட்டார். பிரித்த பட்டறையை மூடக் கூடாது, அன்றைக்கே காலி செய்ய வேண்டும். அதுதான் இங்கே கையெழுத்து.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. குழுவின் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் அறுத்தார்கள். ஜாபர் வலைச்சாக்குப் பிடித்தார். லிம் பேன்டை மடித்துக்கொண்டு உருண்ட வெங்காயத்தையெல்லாம் பொறுக்கினார். போக மனமில்லாமல் நின்ற அந்த வியாபாரி தன் லாரியையே எங்களுக்கு வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். முந்தின இரவே நாங்கள் ஏற்பாடு செய்திருந்த லாரி சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்ததால் உடனே ஒப்புக்கொண்டேன். அரும்பாவூர்க்காரர்கள் தங்கள் ஆட்டோவிலிருந்த தார்ப்பாயை எடுத்துவந்து மூட்டைகள்மேல் விரித்தார்கள். கடைசி மூட்டை ஏறியதும் மழை கொட்டியது. எல்லாரும் இழுத்துப் போட்ட கீற்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு காலிப் பட்டறைக்குள் ஒண்டிக்கொண்டோம். அங்கே இருந்தவர்கள் பேசிய மொழிகளை எண்ணினால் மூன்று இருக்கும், சிரிப்பு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மழை விட்டதும் தனலட்சுமி ஒரு சின்னக் கூடையை என் கையில் வைத்தார். உள்ளே விதை வெங்காயம், பொறுக்கி எடுத்தது.

"தனலட்சுமி, இதை நான் கொண்டுபோக முடியாது. விதைன்னா சான்றிதழ் வேணும். எங்க ஊர் விமான நிலையத்துல புடுங்கிடுவாங்க."

"கொண்டுபோவவா குடுத்தேன்? வாங்கிக்கிட்டீங்கல்ல, அது போதும்." கூடையை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். "கெணத்தடியில ஈரம் இருக்கு. உங்க பேர்ல அங்க ஊன்றுறேன். வந்து நீங்கதான் அறுக்கணும்."

சரக்கு கிள்ளான் வந்து சேர்ந்தது. ஒரு மூட்டைகூட முளைவிடவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பாராட்டு. எங்கள் மாமியாரும் சாம்பாரை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.

ஆடி பிறந்தபோது தனலட்சுமியிடமிருந்து ஒரு படம் வந்தது. கிணற்றடியில் நாலு பாத்தி. தாள் மஞ்சளித்துச் சாய்ந்திருந்தது. அதாவது அறுப்புக்குத் தயார். அதன் கீழே குரல் பதிவு:

"அக்கா, உங்க பாத்தி பழுத்துடுச்சு. வடக்க வெலை ஏறுதுன்னு பேசிக்கிறாங்க. மறுபடி கதவைச் சாத்துவாங்களோ என்னமோ. சாத்துனா இந்தத் தடவ உங்க வெங்காயமும் உள்ளதான் கெடக்கும்."

முன்பென்றால், விலை ஏறுகிறது என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் தாய்லாந்துக்குப் போன் போட்டிருப்பேன். அன்றைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாலு பாத்தியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் எனக்கென்று மண்ணில் விளைந்த முதல் பயிர் அது. கதவுக்கு அந்தப் பக்கம் விளைந்திருந்தது. ஓரிரு துளி கண்ணீர் வந்ததென்று சொன்னால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

பிறகு அவருக்குப் பதில் அனுப்பினேன்: "அறுக்க நானே வரேன் தனலட்சுமி. முதல்ல அரும்பாவூருக்கு விதை எடுத்துடலாம்."